கேலிக் துணியடிப் பாட்டை இசைக்குழு கையில் எடுக்கும்போது

1992இல் காப்பர்கேலி என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் சிறு தொகுப்பு ஒன்று பிரிட்டிஷ் விற்பனைத் தரவரிசையில் 39ஆம் இடத்தைத் தொட்டது. எண்ணாகப் பார்த்தால் பெரிய விஷயமில்லை. ஆனால் ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் பாடிய எதுவும் அதற்கு முன் முதல் 40க்குள் நுழைந்ததே இல்லை. அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்த பாட்டு ‘கோஷிஹ் அ ரூன்’. ‘நட, என் அன்பே’ என்று ஒரு பெண் காதலனிடம் சொல்கிறாள். கேரன் மதீசன் பாட, கீபோர்ட், பூசூக்கி என்ற நீள்கழுத்துக் கம்பி வாத்தியம், வயலின், புல்லாங்குழல், பேஸ் கிட்டார் எல்லாம் பின்னால் வருகின்றன. கேட்பவருக்கு அது மென்மையான காதல் பாட்டு. அதன் பழைய வேலை வேறு: ஈரக் கம்பளியைப் பலகையில் அறைந்து சுருங்க வைக்கும் பெண்களின் கைகளை ஒரே நேரத்தில் விழ வைப்பது.

இந்த வகைப் பாட்டுக்குக் கேலிக்கில் ‘ஓரன் லுவாய்’ என்று பெயர். இங்கே துணியடிப் பாட்டு என்றே சொல்லலாம். கடந்த 40 ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் ராக் குழுக்களும், எலெக்ட்ரானிக் இசைக்காரர்களும், ஜாஸ் வாத்தியக்காரர்களும் மரபுப் பாடகர்களோடு சேர்ந்து அதிகம் கைவைத்தது இந்த வகையில்தான். சில அற்புதமாக வந்தன. பல, மூடுபனி மலைப் படத்தின் பின்னணி இசையாகக் கரைந்துபோயின. எங்கே பிசகுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றே. இந்தப் பாட்டில் சொல் அடியை, அதாவது தாளத்தின் தட்டை, தீர்மானிக்கிறது, அடி வரியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது, மெட்டு அதன் மேல் உட்காருகிறது. கார்டு, அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு, கடைசியாக வந்த விருந்தாளி. விருந்தாளிக்கு முதலில் இலை போட்டுவிட்டு, வீட்டுக்காரரை ஓரமாக உட்காரச் சொல்லும் குழுக்கள் தோற்கின்றன.

பலகையில் நடந்தது

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி அப்படியே உடுத்த லாயக்கில்லை. நூற்க வசதியாகப் பூசிய எண்ணெய் அதில் ஒட்டியிருக்கும். இழைகளுக்கிடையே சந்து இருக்கும். காற்றும் மழையும் உள்ளே வரும். அதை நனைத்து அடித்து, இழைகள் ஒன்றோடொன்று பிணையும்வரை சுருக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளில் இது பெண்கள் வேலை. சேர்த்து வைத்துப் பழசாக்கிய மூத்திரத்தில் துணியை ஊறப் போடுவார்கள். அதிலுள்ள அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், சாயத்தைப் பிடிக்க வைக்கும். நீண்ட பலகை ஒன்று, இல்லாவிட்டால் கழற்றிய கதவு. இருபுறமும் வரிசையாக உட்கார்ந்து, துணியை அறைந்து, இழுத்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுவார்கள். துணி வலமாகத்தான் சுற்ற வேண்டும். இடமாகச் சுற்றினால் ஆகாது.

ஒருத்தி வரியைச் சொல்வாள். மற்ற எல்லோரும் ‘ஹி ரீ’, ‘ஹோ ரோ’, ‘ஹூ ஓ’ போன்ற ஓசைகளால் ஆன கோரஸைப் பாடுவார்கள். இந்த ஓசைகளுக்குப் பொருள் இல்லை. அதனாலேயே புதிதாகப் பாட்டை எடுப்பவர்கள் இவற்றை இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு பாட்டின் கோரஸ் ஓசைகள் அந்தப் பாட்டுக்கே உரியவை. மெட்டை நினைவில் கட்டி வைக்கும் கயிறு அவைதான். தீவுக்காரர் ஒருவரிடம் கோரஸை மட்டும் சொன்னாலே எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவார்.

முடிவில் துணியின் அகலத்தை நடுவிரலால் அளப்பார்கள். போதவில்லை என்றால் இன்னொரு பாட்டு. ஆக, பாட்டுதான் கடிகாரமும். ஒரே துணிக்கு ஒரே பாட்டை இரண்டாம் முறை பாடுவது அபசகுனம் என்பதால், ஒவ்வொரு ஊரிலும் பெரிய கையிருப்பு தேவைப்பட்டது. 17ஆம் நூற்றாண்டுச் சண்டைகளும், கடலில் போனவர்களுக்கான ஒப்பாரிகளும், காதல் பேச்சும், ஊர் வம்பும் அதில் அடக்கம். கனடாவின் கேப் பிரெட்டனுக்குக் குடியேறிய கேலிக்காரர்களிடையே இந்த வேலையில் ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹெப்ரிடீஸில் ஆண்களுக்கு அந்த அறையில் இடமில்லை.

ஆலை வந்ததும் வேலை போயிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பலகை அநேகமாக மேடைக் காட்சியாகிவிட்டது. நல்லவேளை, அதற்குள் ஒலிப்பதிவுக் கருவி வந்துவிட்டது. ஜான் லார்ன் காம்பெல், மார்கரெட் ஃபே ஷா தம்பதி சவுத் யூயிஸ்ட், பாரா தீவுகளில் சேகரித்தார்கள். அமெரிக்காவிலிருந்து நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1951இல் வந்தார். அதே ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கியது. இந்தப் பதிவுகளில் பெரும்பகுதி 2010இலிருந்து ‘டோபர் அன் டூவல்கஸ்’ என்ற இணையக் காப்பகத்தில் கேட்கக் கிடைக்கிறது. இன்று எந்தக் குழு இந்த வேலையைத் தொடங்கினாலும் முதல் வாரம் அங்கேதான் கழிய வேண்டும். ஒரே பாட்டின் மூன்று நான்கு பதிவுகளைக் கேட்டு, எந்த அசையில் கை விழுகிறது என்று கோடு போட்டுக் குறித்தால், பாதி வேலை முடிந்தது.

பீத்தோவனுக்கே நேர்ந்த சிக்கல்

ஸ்காட்டிஷ் பாட்டுக்கு ‘நவீன’ இசைக்காரரைப் பிடித்துவரும் வழக்கம் புதிதில்லை. எடின்பரோவில் எழுத்தராக இருந்த ஜார்ஜ் தாம்சன் 1793இலிருந்து பாட்டுத் தொகுதிகளை வெளியிட்டார். வரிகளுக்குக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். பியானோ, வயலின், செல்லோ இசைக்கு ஐரோப்பாவின் பெரிய பெயர்கள். ஹைடன் செய்து கொடுத்தார். பிறகு பீத்தோவன். அவருடைய 108ஆம் எண் படைப்பு, 25 ஸ்காட்டிஷ் பாட்டுகள், 1818இல் தாம்சன் கையால் வெளியானது.

தாம்சன் வியன்னாவுக்கு அனுப்பியது பெரும்பாலும் வெறும் மெட்டை. பாட்டு வரிகள் பல சமயம் தயாராகவே இருக்காது. பீத்தோவன் வரிகளைக் கேட்டுக் கடிதம் எழுதினார். சோக மெட்டா, குத்தாட்ட மெட்டா என்று தெரியாமல் எப்படி இசை எழுதுவது? தாம்சனோ, பியானோப் பகுதி எடின்பரோ இளம்பெண்களின் விரலுக்கு அடங்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தார். விளைந்தவை அழகான இசைத்துண்டுகள், பீத்தோவன் தெரிகிறார். ஆனால் வரியின் இயல்பான அழுத்தம் பல இடங்களில் இசையின் அழுத்தத்தோடு மோதுகிறது. சொல்லில்லாமல் மெட்டை மட்டும் பார்சல் கட்டினால் இதுதான் நடக்கும். இன்று பாடகர் குரல் வருமுன்னே லேப்டாப்பில் டிரம் லூப்பையும் (திரும்பத் திரும்ப ஓடும் தாளத்துண்டு) கார்டையும் முடித்துவைத்திருக்கும் தயாரிப்பாளரும் அதையேதான் செய்கிறார், பீத்தோவன் என்ற சலுகை இல்லாமல்.

ஒரு நூற்றாண்டு கழித்து மார்ஜரி கென்னடி-ஃப்ரேசர் 1905இல் எரிஸ்கே தீவுக்குப் போனார். மெழுகு உருளையில் பதிவு செய்து, 1909இலிருந்து ஹெப்ரிடீஸ் பாட்டுத் தொகுதிகளை வெளியிட்டார். அவருக்கு மெட்டோடு சொல்லும் பாடகரும் கண்முன் இருந்தார்கள். இருந்தும் துணியடிப் பாட்டுகள் பியானோவோடு மேடைக் கச்சேரிக்கு ஏற்ற கனவுப் பாட்டுகளாக உருகிவிட்டன. கேலிக் அறிஞர்கள் அவரை இன்றும் கடிந்துகொள்வதுண்டு. அவர் இல்லாவிட்டால் தீவுக்கு வெளியே அந்தப் பாட்டுகளை அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

14 அடியை 16இல் அடைப்பது

இனி வேலைக்கு வருவோம். முதல் தகராறு வரியின் நீளத்தில் வரும். உதாரணமாக ஓர் அமைப்பு: தனிக்குரல் 4 அடி, முதல் கோரஸ் 4 அடி, இரண்டாம் கோரஸ் 6 அடி. மொத்தம் 14. ராக், பாப் பழக்கத்தில் கை தானாக 16 அடிக்குப் போகும். மீதி 2 அடியில் டிரம்மர் ஒரு உருட்டு உருட்டுவார், பாடகர் மூச்சு வாங்குவார், கேட்பவருக்கு ‘அடுத்த சரணம்’ என்று தெரியும். பாட்டு அங்கேயே செத்தது. பலகையில் கை நிற்பதில்லை. கோரஸின் கடைசி அசை முடியுமுன் தனிக்குரல் அடுத்த வரியைத் தொடங்கிவிடும். அந்த ஒட்டிப் பிறத்தல்தான் இந்த வகைக்கு உயிர். இரண்டு அடி வெற்றிடம் விட்டால் அது சாதாரண பல்லவி, சரணமாகிவிடும்.

வழி சுலபமானது. 16 அடி லூப்பை விட்டுவிட்டு 2 அடி லூப் வைத்தால், 14 ஆனாலும் 18 ஆனாலும் பொருந்தும். சில பாட்டுகளில் மொத்தம் ஒற்றைப்படையாக வரும், 13 என்று வைத்துக்கொள்வோம். அப்போது லூப்பை ஒரே அடியாக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சரணத்துக்கும் வலுவான அடியும் மெலிந்த அடியும் இடம் மாறட்டும் என்று விட்டுவிடலாம். நான்காம் சரணத்தில் அது ஒரு மயக்கமாகவே மாறி நன்றாக இருக்கும். கார்டும் வரி மாறும்போது மாறினால் போதும். நான்கு அடிக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இரண்டாவது, டிரம்மின் இடம். பலகையில் ஒவ்வோர் அடியிலும் துணி விழுகிறது, அழுத்தமான அசை மேலே விழுகிறது. பாப் இசையில் ஸ்னேர் என்ற கூர்மையான ஓசை கொண்ட டிரம் 2ஆம், 4ஆம் அடிகளில் ஓங்கி விழும். அதை அப்படியே வைத்தால் பாடகரின் அழுத்தம் ஒரு பக்கமும் ஸ்னேர் ஒரு பக்கமும் இழுக்கும். கேலிக்கில் சொல்லின் அழுத்தம் அநேகமாக முதல் அசையில் இருப்பதால், இந்த இழுபறியில் சொல்லே கோணலாகக் கேட்கும். எனவே கீழே கனமான, மந்தமான ஒரு தட்டு ஒவ்வோர் அடியிலும். மேலே ஷேக்கரோ போரான் என்ற தோல் வாத்தியமோ இடைவெளிகளை நிரப்பட்டும். ஸ்னேர் வேண்டுமென்றால் பாட்டின் பிற்பாதியில் வரலாம். அதற்குள் காது அடியைப் பிடித்திருக்கும்.

கனமான தட்டுக்கு சாம்பிள், அதாவது முன்பே பதிவான ஒலித்துண்டு, தேடிப் போகாமல் துணியையே பதிவு செய்வது நல்லது. மூன்று நான்கு மீட்டர் கனத்த கம்பளியை வெந்நீரில் நனைத்து (மூத்திரம் கட்டாயமில்லை), மரப்பலகையில் ஆறு பேர் அறைய, பலகைக்கு ஒன்றரை மீட்டர் மேலே இரண்டு மைக். காய்ந்த துணியில் ‘பட்’ என்ற மேல் ஓசைதான் வரும். ஈரத் துணியில்தான் அடிவயிற்று ஓசை கிடைக்கும். பலகை இரும்புக் கால் மேசையாக இருந்தால் கணகணக்கும். மரக்கால் வேண்டும், கீழே கம்பளம் வேண்டும்.

கோரஸைத் தனியாகப் பிறகு பதிவு செய்வது செலவைக் குறைக்கும், ஒட்டிப் பிறத்தலைக் கொல்லும். தனிக்குரலுக்கு அருகில் ஒரு மைக் வைத்து, கோரஸ் பெண்கள் அதே அறையில் இருப்பது மேல். கோரஸ் கசிந்து தனி மைக்கிலும் விழும், விழட்டும். ஒரே பாடகியின் குரலை எட்டு முறை அடுக்குவதைவிட, ஐந்து வேறு குரல்கள் ஒருமுறை பாடுவது இயல்பாக இருக்கும். எட்டு அடுக்கில் மூச்சும் மெய்யெழுத்தும் ஒரே மாதிரி விழுந்து, கூட்டம் என்ற உணர்வு வராது.

வேகம். காப்பகப் பதிவுகளில் ஒரே பாட்டுக்குள் வேகம் ஏறுவது சகஜம்; கை சூடாகிறது. சீரான வேகத்தில் தட்டும் க்ளிக் ட்ராக்கைப் போட்டுப் பாடச் சொன்னால் ஏற்றம் போய்விடும். முதலில் க்ளிக் இல்லாமல் குரலையும் பலகையையும் பதிவு செய்து, பிறகு மென்பொருளில் அடிக்கு அடி குறி வைத்து, அந்த வேக வரைபடத்தைப் பின்பற்றி மற்ற வாத்தியங்கள் வாசிக்கலாம். நிமிடத்துக்கு 92 அடியில் தொடங்கி 100 அடியில் முடிந்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஏறும்போது திடீரென்று தாவுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

வரிகளை வெட்டுவதில் இன்னொரு பள்ளம். 30, 40 வரி ஓடும் பாட்டை நான்கு நிமிடத்துக்குக் குறைக்க வேண்டியிருக்கும். பல பாட்டுகளில் வரிகள் சங்கிலியாக வரும்: முதல் சரணத்தின் இரண்டாம் வரி, அடுத்த சரணத்தின் முதல் வரியாகத் திரும்பும். நமக்கு அந்தாதி தெரியும் என்பதால் இதை விளக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு சரணத்தைப் பிடுங்கினால் கண்ணி அறுகிறது. வெட்டுவதென்றால் தலைப்பக்கமோ வால்பக்கமோ வெட்ட வேண்டும், அல்லது கதை திரும்பும் இடத்தில் வாத்திய இடையிசை வைத்து, சங்கிலி அங்கே தானாக முடிவதுபோல் காட்ட வேண்டும்.

உச்சரிப்பும் தாளத்தின் பகுதிதான். 2022 கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தில் கேலிக் பேசுவோர் 70 ஆயிரத்துக்குச் சற்றே குறைவு. ஆகவே பாடகருக்கு அது வீட்டு மொழியாக இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். குறில் நெடில் வேறுபாடு கேலிக்கில் பொருளையே மாற்றும். ஒரே எழுத்துகள், உயிர் நீண்டால் படகு, குறுகினால் கைத்தடி. தாளத்தில் உட்காரவில்லை என்று நெடிலைச் சுருக்கும் தயாரிப்பாளர், காதலனைக் கைத்தடியில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பிவிடுவார். மொழி தெரிந்த ஒருவர் பதிவின்போதே அறையில் இருக்க வேண்டும். மிக்ஸிங்கில் கண்டுபிடித்துப் பயனில்லை.

பைப் வந்தால் கீபோர்ட் ஒதுங்கட்டும்

ஹைலேண்ட் பேக்பைப்பில் ஒன்பது சுரங்கள்தான். அதில் இடைவிடாமல் ஒலிக்கும் டிரோன் குழலின் சுரத்தை ஆதார சட்ஜமாக வைத்தால், கீழே ஒரு நிஷாதம், அதற்கு மேல் சட்ஜம் முதல் மேல் சட்ஜம் வரை. நம் கணக்கில் ஹரிகாம்போஜி: கைசிகி நிஷாதம் உண்டு, காகலி நிஷாதம் கிடையாது. துணியடிப் பாட்டுகள் குரலுக்கானவை, பைப்புக்கானவை அல்ல. ஆனாலும் பல மெட்டுகள் ஐந்து அல்லது ஆறு சுரத்தில் நிற்பவை, மோகனத்தின் சுரங்களே போதும் என்ற அளவுக்கு. காகலி நிஷாதம் அவற்றிலும் அரிது.

இது ஏன் முக்கியம்? பள்ளிப்பாட மேற்கத்திய இசையில் வரி முடியும் இடத்தில் ஐந்தாம் கார்டு, அதாவது பஞ்சமத்தின் மேல் கட்டிய கார்டு, வரும். அந்தக் கார்டுக்குள் காகலி நிஷாதம் ஒளிந்திருக்கிறது. மெட்டில் இல்லாத சுரத்தைக் கார்டு உள்ளே கொண்டுவந்ததும், பாட்டு தேவாலயப் பாடல் மாதிரி ‘முடிகிறது’. 19ஆம் நூற்றாண்டு பியானோ பதிப்புகள் பலவற்றில் இந்த வாசனை தூக்கலாக இருக்கும். பைப் மெட்டுகளின் இயல்பான நகர்வு வேறு: சட்ஜத்தின் மேல் ஒரு கார்டு, அதற்கு ஒரு முழுச் சுரம் கீழே கைசிகி நிஷாதத்தின் மேல் ஒரு கார்டு, திரும்பவும் சட்ஜம். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் ஓட்டலாம். அலுக்கிறது என்றால் மூன்றாவதைச் சேர்ப்பதற்கு முன், பேஸை மட்டும் இடம் மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அடுத்து சுருதி. பைப் இசைத்தாளில் ஏ என்று எழுதப்படும் சுரம், காதில் பி ஃப்ளாட்டுக்கும் மேலே ஒலிக்கிறது. இன்றைய பைப் பேண்டுகளில் அது 480 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். பியானோவின் பி ஃப்ளாட் 466. இடையே ஏறத்தாழ அரைச்சுரத்தில் பாதி. கீபோர்டில் அந்த இடத்துக்குக் கட்டையே இல்லை. மூன்று வழி உண்டு. 466க்குச் செய்த சான்டர் குழலை (விரல் துளைகள் உள்ள குழல்) மாட்டிக்கொண்டு எல்லோரும் பி ஃப்ளாட்டில் வாசிக்கலாம். கிட்டார்காரர் முதல் கட்டில் கேப்போ என்ற கம்பிப் பிடியைப் போட்டு ஏ வடிவத்தில் பிடிப்பார். அல்லது துருத்தியால் காற்றடிக்கும் ஸ்மால்பைப்பை ஏ சுருதியில் எடுத்துக்கொள்ளலாம். 1980களில் மறுவாழ்வு பெற்ற இந்தச் சிறிய வாத்தியம் குரலோடு ஒரே அறையில் உட்காரும் அளவுக்கு மெல்லிய ஓசை கொண்டது. மூன்றாவது, முழுக் குழுவின் சுருதியையும் பைப்புக்கு ஏற்றுவது. கம்பி வாத்தியம் தாங்கும், அக்கார்டியன் தாங்காது.

சுருதி சேர்ந்தாலும் அந்தர காந்தாரம் உதைக்கும். பைப்பின் காந்தாரம் டிரோனோடு இயற்கையாக இழைவது. பியானோவின் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்வு. இரண்டும் ஒன்றாக நீளும்போது அலையலையாக அடித்துக்கொள்ளும். தீர்வு, கீபோர்ட் கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிடுவது. சட்ஜ பஞ்சமம் மட்டும் பிடித்தால் போதும். பூசூக்கியும், டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சுருதி சேர்த்த கிட்டாரும் ஸ்காட்டிஷ், ஐரிஷ் குழுக்களில் வேரூன்றியதற்கு இதுவும் காரணம்: திறந்த கம்பிகளில் காந்தாரமே இல்லை, குரல் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். காப்பர்கேலியில் பூசூக்கி வாசிப்பவர் அயர்லாந்தின் மேனஸ் லன்னி.

‘புர்ஷ்ட் அ பியல்’ என்ற வாய்நடனப் பாட்டு வகைக்கு இந்தத் தலைவலிகள் குறைவு. நடனத்துக்கானது என்பதால் எட்டு எட்டாக ஒழுங்காக மடியும். டிரம்மோடு உடனே சேரும். கேலிக் பாட்டை முதன்முதலாகக் கையில் எடுக்கும் குழு அதிலிருந்து தொடங்குவது தவறில்லை.

பாடகர் ஒலிநாடாவில் மட்டும் இருந்தால்

மார்ட்டின் பென்னட் (1971–2005) பைப், வயலின், பியானோ மூன்றும் வாசித்தவர். தாய் மார்கரெட் பென்னட் நாட்டாரியல் அறிஞர், பாடகி. புற்றுநோயால் வாத்தியம் வாசிக்க உடல் இடம் கொடுக்காத காலத்தில், பழைய பதிவுகளின் குரல்களைக் கொண்டு அவர் கட்டியதுதான் 2003இல் வந்த ‘கிரிட்’ ஆல்பம். நாடோடிச் சமூகத்துப் பாடகர்களும் கேலிக் பாடகர்களும் அதில் நடன மேடைத் தாளத்தின் மேல் வருகிறார்கள். பாடகருக்கு எதிரே உட்கார்ந்து பேசிச் சரிசெய்ய முடியாத கூட்டுழைப்பு இது. அதனால் பிழைக்கும் இடம் குறைவு.

நாடாப் பதிவில் முதலில் பார்க்க வேண்டியது வேகம். பழைய கையடக்கக் கருவிகள் சரியான வேகத்தில் ஓடியிருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. சுருதி ஏறியோ இறங்கியோ இருக்கும். பிரிட்டனில் மின்சார இரைச்சல் 50 ஹெர்ட்ஸ். பதிவில் அந்த முனகல் எங்கே நிற்கிறது என்று அளந்தால், பிரதி எடுத்தபோது எவ்வளவு பிசகியது என்று ஓரளவு தெரியும். பிறகு 50, 100, 150இல் குறுகலாக வெட்டி எடுக்கலாம். அகலமாக வெட்டினால் ஆண்குரலின் வயிறு போய்விடும்.

துணையில்லாமல் பாடும் குரல் நான்கு சரணத்துக்குள் அரைச்சுரம் ஏறுவதும் சகஜம். குரலைத் தாளத்துக்கு இழுப்பதா, தாளத்தைக் குரலுக்கு இழுப்பதா? குரலைத் தொடாமல் சின்தஸைசரின் சுருதியைக் குரலுக்கு ஏற்ப மாற்றுவதே மேல். குரலை ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் நீட்டினால் மெய்யெழுத்துகள் பசைபோல் இழுபடும். லிஸ்ஸி ஹிக்கின்ஸ் போன்ற அபர்தீன் பாடகி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர் தந்தை பைப் வாசிப்பவர். மகளின் குரலிலும் பைப்பின் நுண்ணிய விரல் அசைவுகள்போலக் கமகங்கள் விழும். ‘கிரிட்’டில் ‘பிளாக்பேர்ட்’ என்ற பகுதியில் கேட்பது அந்தக் குரல்தான். கமகத்தைத் தாளக்கட்டத்தில் நேராக்கினால் அது திக்கலாகக் கேட்கும். ஒவ்வொரு சொற்றொடரின் முதல் அழுத்தத்தை மட்டும் அடியில் உட்கார வைத்து, உள்ளே அது தன் போக்கில் ஓடட்டும் என்று விடுவதே நடைமுறை வழி. தொடருக்கும் தொடருக்கும் இடையில் உள்ள மௌனத்தைத்தான் கூட்டிக் குறைக்க வேண்டும்.

பென்னட் மறைந்து பத்தாண்டுக்குப் பின், 2015 ஜனவரியில், கிளாஸ்கோவின் செல்டிக் கனெக்‌ஷன்ஸ் விழா அந்த ஆல்பத்தின் மேடை வடிவத்தோடு தொடங்கியது. வயலின் கலைஞர் கிரெக் லாசன் இசைக்குறிப்பெழுதி நடத்த, ஏறத்தாழ 80 பேர். சாம்பிளை வெட்டி ஒட்டியதால் பிறந்த ஓசையை மனிதக் கை திரும்பச் செய்ய வேண்டும். சிம்பொனிக்காரர் குறிப்பைப் பார்த்து வாசிப்பவர், மரபு வயலின்காரர் காதால் பிடிப்பவர். குறிப்பில் முற்றுமுழுதாக எழுதினால் மரபுக்காரரின் வில் விறைக்கும். எழுதாமல் விட்டால் சிம்பொனிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அக்குழு அதற்குப் பிறகும் நிலைத்து, எடின்பரோ விழாவிலும் கிளாஸ்கோவின் ஹைட்ரோ அரங்கிலும் வாசித்தது. இரு தரப்பும் தெரிந்த தலைமுறை ஸ்காட்லாந்தில் உருவாகியிருந்ததும் அதற்கு உதவியது. கிளாஸ்கோவின் இசைக் கல்லூரி 1996இலிருந்தே மரபிசையில் பட்டப்படிப்பு நடத்துகிறது.

பெயரும் பணமும்

மரபுப் பாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை, யாரும் பாடலாம். இசைக்கோர்ப்புக்குச் சொந்தக்காரர் உண்டு. அதனால்தான் ஆல்பத்தில் ‘மரபு, இசைக்கோர்ப்பு இன்னார்’ என்று போடுகிறார்கள், அந்தப் பெயருக்கு உரிமைத்தொகை போகிறது. கூட்டாக வேலை செய்யும்போது இந்த வரியில் யார் யார் பெயர், எத்தனை பங்கு என்பதைப் பதிவுக்கு முன்னாலேயே எழுதிவைக்க வேண்டும். பாடகர் வரிகளைத் தேர்ந்து, மெட்டின் வடிவத்தையும் கொடுத்திருப்பார். ஆனால் மென்பொருளில் உட்கார்ந்தவர் பெயர் மட்டும் பதிவாகும்; மனக்கசப்பு அங்கே தொடங்கும்.

மரபுதான் என்று நம்பியது மரபாக இல்லாமல் போவதும் உண்டு. ஸ்காட்லாந்து முழுக்க எல்லோரும் சேர்ந்து பாடும் ‘வைல்ட் மவுன்டன் தைம்’ பெயிஸ்லி நெசவாளி ராபர்ட் டானஹில் எழுதிய பழைய பாட்டின் வழிவந்தது. ஆனால் இன்று பாடும் வடிவம் பெல்ஃபாஸ்ட்டின் மக்பீக் குடும்பத்துடையது. ‘கிரிட்’டின் முதல் பகுதியில் ஷீலா ஸ்டூவர்ட் பாடுவதும் நாடோடிகளின் பழம்பாட்டுபோல் ஒலிக்கும், அது பாடலாசிரியர் யூவன் மெக்கால் 1960களில் வானொலி நிகழ்ச்சிக்காக எழுதியது. மறுபக்கம், பாட்டு மரபாக இருந்தும் ஒருவரின் கிட்டார் கோர்ப்பை அப்படியே எடுத்தால் சிக்கல் வரும். ஆங்கில நாட்டுப்பாடகர் மார்ட்டின் கார்த்தியிடம் பால் சைமன் கற்ற ‘ஸ்கார்பரோ ஃபேர்’, சைமன்-கார்ஃபங்கல் இணையின் ஆல்பத்தில் கார்த்தியின் பெயரில்லாமல் வெளிவந்து, அந்த வருத்தம் தீரப் பல பத்தாண்டுகள் ஆயின.

காப்பகக் குரலை எடுத்தாளும்போது கணக்கு இன்னும் மாறும். பாட்டு பொதுச்சொத்து, பதிவு அப்படியில்லை. இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம் என்பதற்காகச் சாம்பிள் எடுத்துவிட முடியாது. காப்பகத்திடம் எழுத்து அனுமதி, பாடியவரின் குடும்பத்திடம் சம்மதம், பதிவு வணிகரீதியாக வெளிவந்திருந்தால் அந்த நிறுவனத்திடம் உரிமம் என்று மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். குடும்பத்தைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், குரலை லூப்பில் போட்டுப் பார்க்கும் நாளிலேயே அந்தக் கடிதத்தையும் எழுதிவிடுவது நல்லது.